வடக்குச் சரிவில் ஒரு நடவு

கோழிச் சூப்பில் பூண்டை அள்ளிப் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. என் தோட்டத்தில் விளைகிற நல்ல ஜின்செங் மருந்து வேர் ஒன்று போதும். டாக்டர் பியோவுக்கும் அப்படித்தான் வைத்துக் கொடுத்தேன். வயிறாரச் சாப்பிட்டார். முதலில் அதை எழுதுங்கள், இன்ஸ்பெக்டர்.

அவர் ஆராய்ச்சிக்காரர். எங்கள் வேரை அரைத்து மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, ஊர்ச் சங்கத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "உடம்பைத் துருப்பிடிக்காம காக்குற சத்து நாலாம் வருஷமே முழுசா ஏறிடுது. ஆறு வருஷம் காத்திருக்க வேண்டாம்."

"அப்ப கடைசி ரெண்டு வருஷம் அது என்ன தம்பி பண்ணுது?" என்று கேட்டேன்.

"சும்மா படுத்துக் கிடக்குது, தாத்தா."

"உங்கள மாதிரியேதான் அண்ணே," என்றாள் பக்கத்துத் தோட்டத்து ஓக்பூன். கூட்டமே சிரித்தது.

ஆறு வருட வேரைத் தவிர வேறெதையும் நான் தோண்டியதில்லை. அவர் அறிக்கை மேலே போனால், என் வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு சும்மா படுத்துக் கிடந்ததாக ஆகிவிடும். மெஷின் சொல்வதை நான் நம்பமாட்டேன். மண்ணில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மறுநாள் மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன். சூப்போடு அரிசிக் கள்ளும் கொடுத்தேன். கள்ளில் என் தூக்க மாத்திரைகளைக் கரைத்திருந்தேன்.

"உங்க கைமணமே தனி, தாத்தா," என்றார். மரியாதை தெரிந்த பிள்ளை.

தலை சாய்ந்ததும் தள்ளுவண்டியில் ஏற்றி வடக்குச் சரிவில் இருக்கிற என் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். கறுப்பு நிழல் வலைக்குக் கீழே, நாற்றை வைப்பது போலவே, மேட்டுப் பக்கம் தலை வைத்துச் சாய்வாகக் கிடத்தினேன். சுண்டுவிரல்கூட மடங்கவில்லை. சல்லிவேர் ஒடிந்தால் சரக்கு கெட்டுவிடும். மண்ணைத் தள்ளி மேலே வைக்கோல் பரப்பினேன்.

மூச்சு இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. செத்த நாற்றை யாராவது நடுவார்களா?

ஒரு தவறு செய்தேன். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு வந்த விருந்தாளியை வெறுங்காலோடு அனுப்ப மனம் வரவில்லை, மாட்டிவிட்டேன். இந்த மழையில் பள்ளத்துப் பக்கம் மண் கரைந்து ஷூ வெளியே தெரிந்துவிட்டது. ஓக்பூன் உங்களுக்குப் போன் போட்டுவிட்டாள்.

கொலை என்று எழுதுகிறீர்கள். நடவு என்று எழுதுங்கள். நாலு வருடம்தான் ஆகிறது. உங்கள் ஆட்கள் மண்வெட்டியோடு போயிருக்கிறார்களாம், நிறுத்தச் சொல்லுங்கள். இன்னும் இரண்டு வருடம் விட்டால், தான் சொன்னது தப்பு என்று அவரே காட்டுவார்.

ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது. நாலு வசந்தம் போயும் ஒரு இலை விடவில்லை. வலை கிழிந்து வெயில் இறங்குகிறது என்று நினைக்கிறேன்.