அந்து அறையின் வெளித்தாழ்

கம்பு தானியத்தை ஒன்றிரண்டாக உடைத்துப் போட்டால் அந்துப்பூச்சி செழித்துப் பெருகும். அதன் முட்டைதான் என் பூச்சிப் பண்ணைக் கூடத்தில் வளரும் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுக்களுக்கு உணவு. அப்புழுக்களை மாந்தோப்பில் விட்டால் அசுவினியையும் மாவுப்பூச்சியையும் தின்று தீர்க்கும். வெதுருகுப்பத்து உழவர்கள் மருந்தடிப்பதை விட்டது இதனால்தான், ஐயா. சேர்த்து வைத்தால் அப்புழுக்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனிச் சிற்றறை.

தேவசேனா நகரி ஊர்க்காரி, தறிவேலையை விட்டு என்னிடம் வந்தவள். காலைதோறும் அந்து அறைக்குள் சென்று, பெட்டிகளைத் திறந்து, முட்டையிடவிருக்கும் அந்துக்களைப் பிடிப்பாள். இறக்கைத்தூள் புகையாய் எழும். அது அவள் மூச்சுக்கு ஆகவில்லை. அவ்வேலை கூடாதென்று புத்தூர் மருத்துவர் எழுதிய சீட்டைப் படித்தேன், பத்திரமாக வைத்திருக்கிறேன்.

“ஒவ்வொரு புழுவுக்கும் தனி ரூமு கட்டி வச்சிக்கீறீங்க சாமி, எனக்கு ஒரு ஃபேன் போட்டா ஆகாதா?” என்பாள்.

“காத்துக்கு அந்து தாங்காதும்மா. வேற ஆளு வர வரைக்கும் பொறுத்துக்கோ” என்பேன். ஆள் தேடவில்லை.

யாரும் கதவைத் திறந்து அந்துக்களைப் பறக்கவிடாதபடி வெளித்தாழிட்டு, வாயிலில் அமர்ந்து பத்துப் பாசுரங்கள் பாடுவது என் வழக்கம். நிதானமாகப் பாடினால் அவள் வேலையும் அதற்குள் முடியும். தொடங்கிய பத்தை நடுவில் முறிப்பது அபசாரம். முன்பு இருமுறை அவள் தட்டியபோது எழுந்து திறந்தேன். அந்துக்கள் பறந்தன, பத்தும் முறிந்தது. இனி எழுவதில்லை என்று சங்கற்பம் செய்துகொண்டேன்.

செவ்வாயன்று ஐந்தாம் பாசுரத்தில் தட்டினாள். “சாமி, தெறங்க. மூச்சு வரலை.” அவளுடைய இன்ஹேலர் இருந்த பை என் தலைக்குமேல் ஆணியில் தொங்கியது, உள்ளே பை கொண்டுபோக நான் விடுவதில்லை. எட்டாம் பாசுரத்தில் தட்டல் கதவின் கீழ்ப்பகுதிக்கு இறங்கிற்று. ஒன்பதில் நின்றது. பத்தாவதையும், பதினொன்றாவதாக வரும் பலன் சொல்லும் பாசுரத்தையும் பிழையின்றிப் பாடி முடித்தே தாழை நீக்கினேன்.

உள்ளே நுழைந்ததும் முதலில் கதவைச் சாத்தினேன். ஓர் அந்தும் வெளியேறவில்லை. பிறகே அவளைப் பார்த்தேன்.

அவள் இறந்துகொண்டிருக்கிறாள் என்பது ஏழாம் பாசுரத்திலேயே எனக்குத் தெரியும். இந்த வாக்குமூலத்தில் அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் நான் அவளைத் தனியே விட்டுவிடவில்லை, ஐயா. அவளுக்குக் கேட்கட்டும் என்று கடைசி நான்கையும் உரக்கவே பாடினேன்.