செல்ப் எடுக்காத கார்

கீரனூர் ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்டிருந்தவர் மற்றவரிடம் சொன்னார்:

"எங்க வீட்டுக்காரரு இந்த ஞாயித்துக்கெழமதாங்க காரை அணைச்சாரு."

"அதுவரைக்கும் அணைக்கவே இல்லையா?"

"கோயில் வாசல்ல எஞ்சினை ஓடவிட்டுக்கிட்டு, பூசை முடியிற வரைக்கும் காருக்குள்ளயே இருப்பாரு. ஓடுன சூட்டோட அணைச்சா மறுபடி செல்ப் எடுக்காது. வீட்டுல மாமனாரு படுக்கையில கெடக்காரு, போன் வந்தா ஒடனே ஓடணும்ல. எங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்லன்னு ஊருல பேசிக்கிட்டாங்க."

"பேட்டரி போயிருக்குமோ?"

"பேட்டரி, செல்ப் மோட்டாரு ரெண்டுமே மாத்திப் பாத்தாச்சுங்க. போன வாரம் மாத்தூர் பட்டறையில ஒருத்தரு கீழ படுத்துப் பாத்துட்டு, சைலன்சர் கொழாய் மோட்டாரை ஒட்டிப் போவுது, அந்தச் சூடுதான் அதைப் படுத்துதுன்னாரு. நடுவுல ஒரு தகரத்த வளைச்சு மறைப்பு வச்சு, கொழாயில சூடு தாங்குற துணியச் சுத்திவிட்டாரு. அந்த மனுசன் நல்லா இருக்கணும்."

"அப்பறம் பூசைக்கு உள்ள வந்தாரா?"

"வந்தாரு. ஆம்பளைங்க பக்கம் உக்காந்து, பிரசங்கத்துல தூங்கியும் போனாரு. நான் இங்கிட்டு இருந்து அவரையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். சாமி மன்னிக்கணும்."