பிச்சமுத்துவின் கட்டைவிரலுக்குப் பாராட்டு

தலைமையேற்றிருக்கும் பெரியவர் ஹபீபுல்லா அவர்களே! மயக்க மருத்துவர் பேட்ரிசியா அம்மையார் அவர்களே! உறையூர்ச் சுருட்டுத் தோழர்களே! ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் தொங்கியபடி வந்த பெருமக்களே! தாய்மார்களே! எல்லாருக்கும் மேலாக, பிச்சமுத்து அண்ணனின் வலக்கையில் வீற்றிருக்கும் விழா நாயகர் கட்டைவிரல் அவர்களே! வணங்குகிறேன்.

விரலுக்கு ஒரு விழாவா என்று அங்கே ஒரு தோழர் கேட்கிறார். மோதிரம் மாட்டிய விரல்களுக்கு எத்தனை விழா எடுத்தோம், சுருட்டுச் சுருட்டிய விரலுக்கு ஒன்று கூடாதா?

போன மாதம் அண்ணனுக்குக் குடல்வால் அறுவை. தசை தளர ஒரு மருந்து கொடுத்தார்கள். அது ஏறினால் கை அசையாது, கால் அசையாது, மூச்சுகூடத் தானாக வராது. தொண்டையில் குழாய் வைத்து, பையை அமுக்கி, அம்மையார்தான் மூச்சுக் கொடுத்தார். அறுவை முடிந்தது. அண்ணன் கண் திறந்தார். அறுவை மருத்துவருக்கோ, அதோ இரண்டாம் வரிசையில் சிரிக்கிறாரே அவருக்கு, ஸ்ரீரங்கத்துச் சம்பந்தி வீட்டில் விருந்து. கண் திறந்துவிட்டாரே, குழாயை எடுத்துவிடலாமே என்றார்.

எடுத்தாரா அம்மையார்? இல்லை! ஒரு சிறு பெட்டியின் கம்பிகளை அண்ணனின் மணிக்கட்டில் வைத்து மின்சாரம் விட்டார். மருந்து இறங்கியிருந்தால் கட்டைவிரல் மடிந்தபடியே நிற்குமாம். அண்ணனின் விரல் மடிந்தது, துவண்டது, விழுந்தது!

"மருந்து இன்னும் இருக்குங்க. இப்ப எடுத்தா மூச்சு நின்னுடும்" என்றார் அம்மையார்.

விருந்து ஆறியது. வடை காய்ந்தது. பாயசம் ஆடை கட்டியது. பிறகுதான் அந்த விரல் உறுதியாக மடிந்து நின்றது. குழாயை எடுத்தார்கள். அண்ணன் முதலில் கேட்டது ஒரு சுருட்டு!

தோழர்களே, கண் ஏமாற்றும். மேடையில் முழங்கும் என் நாக்கும் ஏமாற்றியிருக்கிறது. வாயடைத்துக் கிடந்த மனிதனுக்காக வாதாடியது எது? அந்த விரல்! அதற்குக் கைக்குட்டை அளவில் பொன்னாடை போர்த்துகிறேன். ஆட்டாதீங்க அண்ணே.

இந்த விழாவை நான் ஏன் எடுத்தேன்? நாளைக் காலை எனக்கும் அறுவை. பயமாக இருக்கிறது. ஊரையே பேசிக் கலக்கும் நான், நாளைக்கு ஒரு சொல் இல்லாமல் கிடப்பேன். அம்மா, என் விரலையும் பார்ப்பீர்களா?

அம்மையார் எழுந்து வருகிறார். ஒலிவாங்கியை அவரிடம் தருகிறேன்.

"பாக்கறேங்க. விரல் நின்னாத்தான் குழாயை எடுப்பேன். எவ்வளவு நேரமானாலும் சரி."

கேட்டீர்களா தாய்மார்களே? எவ்வளவு நேரமானாலும் சரியாம்! முப்பது ஆண்டு மேடையில் என்னிடம் யாருமே சொல்லாத சொல்! அம்மையாருக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.