எப்சிபா பாடாத வாழ்த்து

தலைமை நாற்காலியைத் தம் எளிமையால் உயர்த்தி அமர்ந்திருக்கும் வணிகர் சங்கத் தலைவர் ஆறுமுகச்சாமி அண்ணாச்சி அவர்களே, கடையை அடைத்துவிட்டுக் காது கொடுக்க வந்திருக்கும் வணிகப் பெருமக்களே, வயலிலிருந்து நேரே வந்து வரப்பு மண் உலராத கால்களோடு வீற்றிருக்கும் பெரியோர்களே, புளியங்குடியிலிருந்தும் கரிவலம்வந்தநல்லூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் என் தாய்மார்களே, மயக்க மருத்துவராகிய நான் உங்கள் முன் கைகூப்பி நிற்கிறேன்.

மயக்க டாக்டரிடம் மைக்கைக் கொடுத்தால் கூட்டமே தூங்கிவிடும் என்று அண்ணாச்சி சற்றுமுன் சொன்னார். எழுப்புவதும் என் வேலைதான் அண்ணாச்சி, கவலை வேண்டாம்.

விழா தொடங்கியபோது தமிழ்த்தாய் வாழ்த்து ஒலித்தது. எழுந்து நின்றோம். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது? ஒரு பென் டிரைவிலிருந்து. சில ஆண்டுகளுக்கு முன்புவரை, இதே மேடையின் இடது ஓரத்தில் நின்று ஒருவர் பாடிவந்தார். யாரென்று நினைவிருக்கிறதா?

ஆம், அந்த அம்மா சரியாகச் சொல்கிறார்கள். எப்சிபா அக்கா. ஜவுளிக்கடை எபினேசர் அண்ணாச்சியின் மனைவி. ஞாயிறுதோறும் ஆலயத்தில் அவர் பாடினால், தெருவில் போகிறவர் சைக்கிளை நிறுத்திக் கேட்பார். இன்று அவர் ஏன் பாடவில்லை? அதைச் சொல்லத்தான் வந்தேன். அவரிடமே அனுமதி கேட்டேன். “பேரைச் சொல்லியே பேசுங்க டாக்டரம்மா” என்றார்.

மார்பில் ஒரு சிறு கட்டி. புற்றுநோய் இல்லை. எடுத்துவிட்டால் மறுநாள் வீடு. அக்காவின் கவலையெல்லாம் கட்டியைப் பற்றியதல்ல, தொண்டையைப் பற்றியது. “தொண்டைக்குள்ள குழாய் விடுவியளாமே, பாட்டுக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?” என்று கேட்டார்.

அவருக்காகவே ஒரு கருவியைத் தேர்ந்தோம். எல்.எம்.ஏ. என்போம், குரல்வளைக் கவசம் என்று நான் தமிழில் சொல்வேன். சின்ன அகப்பை அளவு, மெத்தென்ற உடல், ஓரத்தில் காற்றடைத்த வளையம். அது குரல்வளைக்குள் நுழையாது. வாசலில் அமர்ந்து மூச்சை மட்டும் உள்ளே அனுப்பும். பாடும் குரல்நாண்களைத் தொடாது. எத்தனை நாகரிகமான விருந்தாளி!

ஆனால் அந்த விருந்தாளிக்கு ஒரு பலவீனம். வயிற்றிலிருந்து ஏதாவது மேலேறி வந்தால், அது நுரையீரலுக்குள் போகாமல் தடுக்க அதனால் முழுதாக முடியாது. ஆகவேதான் வெறும் வயிறு கேட்கிறோம்.

பின்னாலிருந்து ஓர் அண்ணாச்சி கேட்கிறார், “ஒரு மடக்கு காப்பியுமா கூடாது?” கூடாது அண்ணாச்சி. பால் கலந்த எதுவும் வயிற்றுக்குச் சோறு மாதிரிதான்.

நம் ஊர் வழக்கம் என்ன? ஆஸ்பத்திரிக்குப் போனால் பிளாஸ்க் இல்லாமல் போவோமா? வெறும் வயிற்றோடு ஒருவரைக் கத்திக்கு அனுப்புவது நமக்குப் பாவமல்லவா? அன்று காலையும் ஓர் அம்மா பிளாஸ்க்கில் பால் கொண்டு வந்தார். “குடிச்சிட்டுத் தெம்பாப் போடி, யாருக்குத் தெரியப்போகுது” என்றார். அக்கா குடித்தார்.

சற்று நேரத்தில், பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர் டீ குடித்ததைத் தானாகவே ஒத்துக்கொண்டார். உண்மைக்கு என்ன பரிசு? எங்கள் டாக்டர் ஒருவரிடமிருந்து வார்டே கேட்க ஏச்சு. “அறிவிருக்கா வே உமக்கு? ஆபரேசன் வேணுமா, டீ வேணுமா?” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்விட்டார்.

அக்கா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வந்து கேட்டபோது, “ஒண்ணும் குடிக்கல” என்றார்.

அறுவை நடுவில் பால் மேலேறியது. நுரையீரலுக்குள் போனது. எந்தக் குழாய் வேண்டாமென்று அஞ்சினாரோ, அதையே அவசரமாகச் செலுத்தினோம். பிழைக்க வைத்தோம். ஆனால் பல நாள் அந்தக் குழாய் தொண்டையில் இருந்தது. பிறகு மூச்சுவிடக் கழுத்தில் துளை. உயிர் மீண்டது, குரல் மீளவில்லை.

“ஏன்க்கா சொல்லல?” என்று பின்னொரு நாள் கேட்டேன். காற்று மட்டும் வருகிற குரலில் சொன்னார்: “அந்தப் பெரியவரை ஏசுனதக் கேட்டேம்லா. எங்க வீட்டுக்காரவ கடையப் பூட்டிட்டு வந்து நிக்காவ. ஒரு டம்ளர் பால்தானே, ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சேன்.” பால் தந்தது யார் என்றேன். “பேரு எதுக்கு? பாசத்துல குடுத்தாவ.”

அவர் இந்த மண்டபத்திலும் இருக்கலாம். அம்மா, உங்களைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. பிளாஸ்க்கைக் கொண்டு வாருங்கள். அறுவை முடிந்த பிறகு திறங்கள். தெரியாமல் குடித்துவிட்டால் சொல்லுங்கள். சொன்னால் போவது ஒரு நாள். சொல்லாமல் போனது ஒரு வாழ்நாளின் பாட்டு.

வெள்ளைக் கோட்டு அணிந்த என் கூட்டத்தாருக்கும் சொல்கிறேன். உண்மை சொன்னவரை ஏசி அனுப்பினால், அடுத்த கட்டிலில் இருப்பவர் எப்படி உண்மை சொல்வார்? அந்தப் பெரியவரின் தோளைத் தட்டி, “நல்லவேளை சொன்னீங்க” என்று ஒருவர் சொல்லியிருந்தால்? அந்த ஒரு வார்த்தை அன்று அந்த வார்டில் இல்லை. அதை நினைத்து நான் இன்றும் வருந்துகிறேன்.

போன வாரம் அக்காவைப் பார்த்தேன். “சர்ச் கொயர்ல இன்னும் முன்வரிசையிலதான் நிக்க வைக்காவ டாக்டரம்மா. நான் வாய மட்டும் அசைக்கேன்” என்றார்.

விழா முடிவில் நாட்டுப்பண்ணும் பென் டிரைவில்தான் வரும். அப்போது மூன்றாம் வரிசை ஓரத்தைப் பாருங்கள். அக்கா அங்கே நிற்பார்.

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு என் நன்றி. வணக்கம்.