சான் எலாடியோ நீர்க்கோபுரக் காவலர் எவாரிஸ்தோ பெரால்தா அவர்களுக்கு

ஊரின் தாகம் தீர்த்த உத்தமரே! செங்கல் கோபுரத்தின் செல்லப் பிள்ளையே! எங்கள் எவாரிஸ்தோ ஐயா அவர்களே! வணக்கம்.

அர்ஜென்டினாவின் பாம்பாஸ் புல்வெளி நடுவே புகைவண்டிக்காரர்கள் கட்டிய கோபுரம் அது. நீராவி எஞ்சின்களுக்குத் தண்ணீர் தந்தது. எஞ்சின்கள் நின்றன, பின்பு ரயிலே நின்றது, அப்போதும் நில்லாமல் ஊருக்குத் தந்தது. உச்சியில் தொட்டி, அடியில் ஒரு வட்ட அறை. அந்த அறையே உங்கள் வீடு. அங்கேயே மணவாழ்வு கண்டீர்கள், அங்கேயே மனைவியைப் பறிகொடுத்தீர்கள், அங்கேயே தனியே மாத்தே இலைத் தேநீர் பருகினீர்கள்.

வெளிச்சுவரில் தொங்குகிறதே இரும்புக் குண்டு, அதைப் பார்த்தே இவ்வூர் வாழ்ந்தது. உள்ளே நீரோடு மிதவை ஏற ஏற, கயிற்றின் மறுமுனையில் வெளியே குண்டு இறங்கும். குண்டு தரையருகே வந்தால் தொட்டி நிறைந்தது என்று பொருள். உங்களுக்கு முன்னிருந்தவர் காலத்தில், "ஐயோ, குண்டு ஏறிடுச்சு, குழாயை மூடுங்கடி!" என்று தெருவே அலறும். நீங்கள் வந்தபின் அந்த அலறல் ஓய்ந்தது. தவழும் பிள்ளைக்கும் தெரிந்த இதைத் கோபுரத்தை ஆய்வு செய்ய வந்த தலைநகரத்து அதிகாரிக்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லையே!

அவர் குழாயைத் திறந்தும் பார்க்கவில்லை. குண்டைக் காட்டி, "இது எப்பவும் இப்படிக் கீழேயேதான் கிடக்குமா?" என்றார். நெஞ்சை நிமிர்த்தினீர்கள், பெருமிதப் பெருந்தகையே! "என் காலத்துல ஒருநாள்கூட மேல ஏற விட்டதில்லைங்க! ஊர்ல யாரை வேணா கேளுங்க!" யாரைக் கேட்பது? சுற்றி நின்ற நாங்களே கைதட்டினோம். பம்பு ஓட்டும் நிக்கனோரா விசிலே அடித்தாள்.

குண்டு எப்போதும் கீழே கிடப்பதால் தொட்டி காலி, கட்டடம் வீண், இடித்துவிடுக என்று உத்தரவு வந்தது. அதிகாரியின் அலுவலகத்துக்கு ஓடினோம், விளக்கினோம், கெஞ்சினோம். "முடிஞ்சு போன விஷயம்மா, இடிக்கிறவங்களுக்கு வேலை கொடுத்தாச்சு" என்று நிக்கனோராவிடம் கைவிரித்தார்கள். ஊருக்கு இனி லாரித் தண்ணீராம், உங்களுக்கு ஓய்வாம்! திங்களன்று சம்மட்டியோடு வருகிறார்கள். நேற்றும் நீங்கள் தொட்டியை நிரப்பினீர்கள்.

வாயார வாழ்த்த வந்தோம், வயிற்றெரிச்சலே வார்த்தையாக வருகிறது, பொறுத்தருள்க. நோயின்றி நெடுநாள் வாழ்க என்று எழுதிவிட்டோம். எங்கே வாழ்க என்று எழுதத் தெரியவில்லை. வழக்கப்படி இம்மடலைக் கண்ணாடிச் சட்டமிட்டு, பின்னால் வளையமும் பொருத்தித் தருகிறோம், ஐயா. அதை மாட்ட உங்களுக்கென்று ஒரு சுவரை எங்களால் காப்பாற்றித் தர முடியவில்லையே!

கலங்கிய கண்களுடன்,
சான் எலாடியோ நீர்வழங்கல் பணியாளர்கள்