கடிகாரம் வந்தது, கொண்டி வந்ததா?

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர் மருதுபாண்டி அவர்களே, கண்மாய்த் தண்ணீரையும் கழனியையும் காத்து நிற்கும் பெரியோர்களே, களையெடுப்பை விட்டு, கூலியை விட்டு, குலவையிட்டுத் தட்டேந்தி வந்த தாய்மார்களே, தலைமையாசிரியர் கனகலட்சுமி அவர்களே! பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி சேதுலட்சுமியின் வணக்கம்.

மேளம் முழங்க, வேட்டு வெடிக்க, நம் நடுநிலைப்பள்ளிக்குக் கல்விச்சீர் கொண்டு வந்தீர்கள். தட்டுத்தட்டாய் வந்தது என்ன? கடிகாரம். அடுத்த தட்டில்? கடிகாரம். அதற்கடுத்த தட்டில்? அதுவும் கடிகாரம்! ஆர்.எஸ்.மங்கலம் கடைவீதியில் இனி மணி பார்க்க ஒரு கடிகாரம் இருக்காது. சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். எனக்கு வயிறு எரிகிறது.

நடுநிலை என்று பெயர் வைத்தோமே, நடுவில் நிற்கும் பிள்ளையைப் பார்த்தோமா? ஏழாம் வகுப்பு சூர்யா, ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் முழங்காலை மடக்கிக் கிடக்கிறான். பெரிய பெஞ்சு கேட்டால், "சின்னப்பயதானே" என்கிறோம். பள்ளிக்குத் தண்ணீர்க்குடம் தூக்க வேண்டுமென்றால், "ஏலே, பெரிய பய, நீ வாலே" என்கிறோம். குரல் உடைந்ததும் வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவன் வாய் திறப்பதில்லை.

எட்டாம் வகுப்பு கவிப்ரியாவுக்குப் போன மாதம் சடங்கு சுற்றினோம். பந்தல் என்ன, பேனர் என்ன, தாய்மாமன் சீர் என்ன! பெரிய மனுஷியாகிவிட்டாள் என்று ஊருக்கே மைக்கில் சொன்னோமே, பள்ளிக்கூடத்துக்குச் சொன்னோமா? சடங்கு முடிந்து இரண்டு நாள் பள்ளிக்கு வந்தாள், நின்றுவிட்டாள். வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"கக்கூஸ் கதவ உள்ள தாழ்ப்பாள் போடக் கொண்டி இல்ல சித்தி. ஒருத்தி வெளிய நின்னு பிடிச்சுக்கிறணும். பயந்துக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்கல. இனி நான் போகல" என்றாள்.

பின்னால் என்ன முணுமுணுப்பு? மேடையில் பேசுகிற பேச்சா என்றா? சடங்கை மைக் போட்டுச் சொல்லலாம், கொண்டியைச் சொல்லக் கூடாதா? ஒரு கொண்டி இல்லாமல் ஒரு பிள்ளை படிப்பை விடுவது வெட்கமில்லை, அதைப் பேசுவதுதான் வெட்கமா?

இதோ என் தட்டு. மேலே பட்டுத்துணி, உள்ளே இரும்புக் கொண்டி. கவிப்ரியாவின் தாய்மாமன் கூத்தையா அண்ணன் முன்வரிசையில் இருக்கிறார். அண்ணே, அன்று சீர் சுமந்த கை உங்கள் கை. இந்தச் சீரை யார் செய்வது?

எழுந்துவிட்டார். பின்னால் கேட்கவில்லையா? நான் சொல்கிறேன். "இங்கன குடு தங்கச்சி, நானே மாட்டுறேன். நாளைக்கு அவளக் கூட்டிட்டு வாரேன்" என்கிறார்.

கைதட்டல் போதும். கொண்டியை அண்ணன் மாட்டுவார். தலைவர் அவர்களே, தண்ணீர்க்குழாயும் பெரிய பெஞ்சும் உங்கள் பொறுப்பு. பொறுத்துக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம். குழாயும் பெஞ்சும் வரும்வரை இந்தக் கடிகாரங்களில் ஒன்றைக்கூடச் சுவரில் மாட்ட விடமாட்டேன்.