கூடம் இல்லாத ஊர்

திராட்சைப் பெட்டியில் வைக்கோலைத் தளர்வாகப் பரப்ப வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. திணித்தால் பழம் நசுங்கிவிடும். அதனால் கம்பத்துப் பக்கம் பேக்கிங் கொட்டகைகளில் காய்ந்த வைக்கோல் எப்போதும் குவிந்து கிடக்கும். இந்த விவரம் பிறகு தேவைப்படும்.

என் தொழில் பண்பாட்டுக் கொள்கை ஆய்வு. நாங்கள் ஆராய்ந்து சொன்ன பிறகு அரசு முடிவெடுக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மாப்பிள்ளை முடிவான பிறகு ஜாதகம் பார்ப்பதில்லையா, அந்த முறைதான். பொருத்தம் எழுதித் தருவது என் வேலை.

துறை அதிகாரி ஈஸ்வரபாண்டி தெளிவாகவே சொன்னார்: "அந்த ஊருல கலைக்கூடம் கட்டுறதா மேல முடிவு பண்ணிட்டாக. ஏன் கட்டணும்னு நீங்க கண்டுபிடிச்சுக் குடுங்க."

கண்டுபிடித்தேன். ஊரில் மக்கள் கூடிக் கலை பயில இடமே இல்லை என்று எழுதினேன். அறிக்கை அச்சாகி, மேலிடத்துக்குப் போனது. செயலாளர் திங்கட்கிழமை நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது.

அதன் பிறகுதான் நான் முதன்முறையாக அந்த ஊருக்குப் போனேன்.

பவுனுத்தாய் என்பவரின் பேக்கிங் கொட்டகையில், லோடு லாரி கிளம்பியதும் பெண்கள் நாடக ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தார்கள். பவுனுத்தாய் ஆர்மோனியத்தை நிறுத்தாமலே கேட்டார்: "கூடி ஆட எடமே இல்லைன்னு எழுதிப்புட்டீகளாமே சார். அப்ப இங்கன ஆடுறது ஆரு, பேயா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபமே இல்லை.

ஆனால் அறிக்கைக்கும் ஊருக்கும் முரண்பாடு இருக்கக் கூடாது. இரண்டில் ஒன்றைத் திருத்த வேண்டும். அறிக்கையைத் திருத்த ஏழு மேசைகளின் ஒப்புதல் வேண்டும். ஊரைத் திருத்த ஒரு தீக்குச்சி போதும்.

அடுத்து வந்தது ஆடிச் சனிக்கிழமை. ஊரே குச்சனூர் கோயிலுக்குப் போயிருந்தது. யாருக்கும் காயம் படக் கூடாது என்பது ஆய்வு நெறி. தளர்வான வைக்கோல் சட்டென்று பற்றிக்கொள்ளும். ஆர்மோனியம் உள்ளேதான் இருந்தது. வெளியே எடுத்து வைக்கக் கைநீட்டினேன். பிறகு யோசித்தேன், அது மிஞ்சினால் எதிர்ச்சான்றாகிவிடும். விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை செயலாளர் கரிந்த தரையைப் பார்த்து, "துல்லியமான அறிக்கை" என்றார். பவுனுத்தாய் பக்கத்திலேயே நின்றார்.

அதே இடத்தில் கூடம் எழுந்துவிட்டது. யாரும் உள்ளே வருவதில்லை. பவுனுத்தாய் இப்போது அடுத்தவர் கொட்டகையில் கூலிக்குப் பெட்டி கட்டுகிறார். ஏன் வருவதில்லை என்று ஆராயும் பணியையும் துறை எனக்கே கொடுத்திருக்கிறது.

ஆகவே, ஐயா, கையெழுத்து எங்கே போட வேண்டும்? சீக்கிரம் விட்டால் நல்லது. இந்த மக்களுக்குக் கலையில் ஆர்வமே கிடையாது என்று எழுதி முடித்துவிட்டேன். இனிப் போய்த் தகவல் திரட்ட வேண்டும்.